கேடயம் யாருக்கு? பூஞ்சாற்று ராஜா முதல் படையப்பா வரை ஒரு முன்னோட்டம்

இந்த வருஷம் ஃபின்லே ஷீல்டு எங்கள் எஸ்டேட்டுக்குத்தான். ஆதாரம் கேட்காதீர்கள். மூணாறில் இதைச் சொல்ல யாருக்கும் ஆதாரம் தேவைப்பட்டதில்லை. குண்டுமலைக்காரரைக் கேட்டால் குண்டுமலைக்கு என்பார். செண்டுவரைக்காரர் செண்டுவரைக்கு என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார். நல்லதண்ணிக்காரர் பதிலே சொல்லாமல் சிரிப்பார். எரிச்சலில் பெரிய எரிச்சல் அதுதான். எங்கள் எஸ்டேட் எது என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கண் பட்டுவிடும். தவிர, தோற்றுப்போனால் இதே கட்டுரையை அடுத்த வருஷமும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் எடுத்து விடலாம்.

மலைக்குக் கீழே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனியின் எஸ்டேட்டுகளும் பிரிவுகளும் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கால்பந்துப் போட்டி இது. 1941-ல் தொடங்கியது. பழைய மூணாறு மைதானத்தில் நடக்கிறது. மற்ற நாட்களில் கொழுந்து நிறுக்கிறவர், ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிறவர், மருந்து அடிக்கிறவர், கவாத்து வெட்டுகிறவர் எல்லோரும் அன்றைக்கு ஜெர்சி மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஜெயித்தால் ஒரு கேடயம். அந்தக் கேடயத்துக்காகச் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருந்தவர்கள் உண்டு. மாப்பிள்ளை எதிர் எஸ்டேட்டில் ஸ்டாப்பர் பேக் என்றால் மாமனார் என்னதான் செய்வார்?

அமெரிக்காவிலும் இப்படி உண்டு. அங்கே கல்லூரிப் பையன்கள் ஆடுவதற்கும் ஃபுட்பால் என்றுதான் பெயர். பந்து காலில் படுவது அபூர்வம் என்பது வேறு விஷயம். சீசன் முடிவில் 'பௌல்' ஆட்டங்கள் நடக்கும், பலவற்றுக்கு ஏதாவது ஒரு கம்பெனியின் பெயர். எல்லாவற்றுக்கும் மூத்தது ரோஸ் பௌல். 1902 ஜனவரி 1-ல் அதன் முதல் ஆட்டம்: மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு முட்டை. நேரம் முடியச் சில நிமிஷங்கள் மிச்சம் இருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது. விழாக் கமிட்டிக்காரர்கள் வெறுத்துப்போய், ஃபுட்பாலை மூட்டை கட்டிவிட்டுச் சில வருஷம் தேர்ப் பந்தயம் விட்டார்கள். பந்து திரும்பி வர 1916 ஆயிற்று. இடாஹோவில் உருளைக்கிழங்கின் பெயரில் ஒரு பௌல் இருக்கிறது. ஜெயித்த அணியின் பயிற்சியாளர் தலையில் அண்டா நிறைய உருளைக்கிழங்கு வறுவலைக் கொட்டுவார்கள். மயோனைஸ் கம்பெனி நடத்தும் ஆட்டத்தில் மயோனைஸைக் கொட்டுவார்கள். எங்களுடையது தேயிலைக் கம்பெனி. நல்லவேளை, அந்த யோசனை இங்கே இன்னும் யாருக்கும் வரவில்லை.

ஆட்டத்துக்கு முன்னோட்டம் எழுதுகிறவர்கள் கடைசி ஐந்து ஆட்டங்களின் முடிவைப் பார்த்து எழுதுவார்கள். எங்கள் மலைக்கு அது போதாது. இந்த மலையில் இதுவரை யார் யாரிடம் எப்படித் தோற்றார்கள் என்பதைப் பார்த்தால்தான் அடுத்து யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியும். அந்தக் கணக்கு பூஞ்சாறில் தொடங்குகிறது.

பூஞ்சாற்று ராஜ வம்சத்தார் தங்களைப் பாண்டியர் வழி என்பார்கள். மதுரையில், சொந்த மைதானத்தில் தோற்று, மலையேறி, அந்தப் பக்கம் இறங்கிக் குடியேறிய குடும்பம். இந்த மலை அவர்கள் கையில் இருந்தது. மலைக்குள் வாழ்ந்தவர்கள் முதுவான்கள். அவர்களும் மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்துகொண்டு வந்தவர்கள் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். ஆக, ராஜா, குடி, பின்னால் வந்த துரை, அதற்கும் பின்னால் வந்த நாங்கள் எல்லோருமே வெளியூர் அணிதான். உள்ளூர் அணி என்று சொல்லிக்கொள்ளும் யோக்கியதை இரவிகுளத்து வரையாட்டுக்கு மட்டும் உண்டு. அது இதுவரை எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை.

அடுத்து ஒரு பெரிய பெயர் வருகிறது. 1790-ல் திப்புவை மறிக்க கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி இந்த மலை வழியாகப் படை நடத்தினார், மூணாறில் கால் வைத்த முதல் வெள்ளைக்காரர் அவர்தான் என்று சுற்றுலாக் கையேடுகளில் வாசிக்கலாம். வாட்டர்லூவில் நெப்போலியனைக் கவிழ்த்த வெலிங்டன் பிரபுவேதான். கதையில் ஒரே ஒரு ஓட்டை. 1790-ல் அவருக்கு வயது 21. அயர்லாந்தில் பாராளுமன்றத் தேர்தலில் ஜெயித்துவிட்டு அங்கேதான் இருந்தார். இந்தியாவுக்கு வந்து இறங்கியதே 1797-ல். மைதானத்துக்கே வராதவருக்கு ஆட்ட நாயகன் விருது கொடுத்த ஊர் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். நிஜமாகவே ஏறி வந்தவர்கள் வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினென்ட்கள். திருவிதாங்கூரை அளப்பதற்காக 1816 முதல் சங்கிலியும் கையுமாக அலைந்தார்கள். அட்டை கடித்தது இவர்களை. பெயர் கிடைத்தது வெலிங்டனுக்கு. மிட்ஃபீல்டில் ஆடுகிறவன் தலையெழுத்து எந்தக் காலத்திலும் ஒன்றுதான்.

பெரிய கோல் விழுந்தது 1877-ல். ஜான் டேனியல் மன்றோ என்பவர், திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இருந்த எல்லைத் தகராறைப் பார்க்க வந்தவர் என்பார்கள். எல்லையைப் பார்க்க வந்தவர் எல்லைக்குள் இருந்த நிலத்தைப் பார்த்துவிட்டார். நேரே பூஞ்சாற்று ராஜாவிடம் போனார். 227 சதுர மைல் மலை. முன்பணம் 5,000 ரூபாய், வருஷக் குத்தகை 3,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் சதுர மைலுக்கு வருஷம் 13 ரூபாய்ச் சில்லறை. அதற்குள் ஆனைமுடியும் அடக்கம், ஆறுகளும் அடக்கம், வரையாடும் அடக்கம். ராஜா தரப்பு கோல்கீப்பர் பந்தை விட்டதோடு நிற்கவில்லை, போஸ்டையும் பிடுங்கிக் கூடவே கொடுத்தனுப்பினார். இதற்கு 5 வருஷம் முன்புதான், 1872-ல், கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் உலகின் முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டத்தை ஆடி 0-0 என்று முடித்திருந்தன. அங்கே 22 பேர் முட்டி மோதி ஒரு கோல் விழவில்லை. இங்கே ஒரு மனிதர் ஒரு கையெழுத்தில் மலையையே வலைக்குள் தள்ளினார்.

பூஞ்சாறு திருவிதாங்கூருக்கு அடங்கிய சிற்றரசு என்பதால் மகாராஜாவின் ஒப்புதலும் வேண்டியிருந்தது. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவார் என்று யாராவது எதிர்பார்த்திருக்கலாம். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வாங்கிய பிறகுதான் துரைமாருக்கு அதில் என்ன போடுவது என்ற யோசனை வந்தது. காபி போட்டார்கள், சின்கோனா போட்டார்கள். 1880-ல் ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் தேயிலை போட்டார், பிடித்துக்கொண்டது. அப்புறம் ஃபின்லே வந்தது, 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி வந்தது. கேடயத்தில் பெயர் இருக்கும் ஜேம்ஸ் ஃபின்லே கிளாஸ்கோக்காரர், 18-ஆம் நூற்றாண்டில் துணி வியாபாரம் தொடங்கியவர். கால்பந்துக்கு எழுதின சட்டம் வந்ததே 1863-ல். அதற்கு வெகு காலம் முன்பே மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. எங்கள் எஸ்டேட் லெஃப்ட் விங்குக்கும் தெரியாது என்பதால் அதைப் பெரிய குறையாக நான் சொல்லவில்லை.

தேயிலை வந்தால் போதுமா, ஆள் வேண்டாமா? இந்தக் கதையின் பெரிய ஆட்டக்காரர் இங்கேதான் உள்ளே வருகிறார்: கங்காணி. இன்றைக்கு ஐரோப்பாவில் ஃபுட்பால் ஏஜென்ட் என்று கோட்டு சூட்டோடு திரிகிறார்களே, அந்தத் தொழிலை எங்கள் ஆள் வேட்டியும் தலைப்பாகையுமாக அப்போதே செய்தார். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் மழை பொய்த்த ஊராகப் பார்த்துப் போவார். 'மலையில தேயிலைத் தூருல தேங்காயும் மாசியும் கெடக்குது, தோண்டினா வரும்' என்கிற பாணியில் அளப்பார். கையில் முன்பணம் கொடுப்பார். ஐரோப்பாவில் ஆட்டக்காரனுக்காகக் கொடுக்கும் பணம் ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்குப் போகும். எங்கள் ஏற்பாட்டில் அந்தப் பணம் ஆட்டக்காரன் தலையிலேயே கடனாக ஏறும். கம்பளிக்குப் பிடித்தம், அரிசிக்குப் பிடித்தம், முன்பணத்துக்குப் பிடித்தம் என்று போய், மாசக் கடைசியில் கையில் வருவது பேரேட்டில் போட்ட ரேகைதான். கங்காணிக்கு மட்டும் தலைக்கு இவ்வளவு என்று காசு உண்டு. ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ டிரான்ஸ்ஃபரில் ஊர் திரும்பலாம் என்று பார்த்தால் கடன் விடாது. கடன் தீர்ந்தால் குளிர் விடாது.

போடியிலிருந்து மலைப்பாதையில் நடந்து ஏறினார்கள் எங்கள் முன்னோர். பிள்ளை இடுப்பில், சட்டி தலையில். இந்த எஸ்டேட் பையன்களுக்கு இரண்டாம் பாதியிலும் மூச்சு வாங்குவதில்லையே என்று பயிற்சியாளர்கள் ஆச்சரியப்படுவதாகக் கேள்வி. கொள்ளுப்பாட்டி போட்ட வார்ம்-அப் அது, ஐயா.

ஆள் ஏறுவதற்குக் கால் போதும். தேயிலை இறங்குவதற்கு வண்டி வேண்டும். 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்தில் ஓடும், பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் ரோட்டில் உருளும், முன்னால் மாடு இழுக்கும். 1908-ல் அதை எடுத்துவிட்டு நிஜமான குட்டி ரயிலே விட்டார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை புகைவிட்டுப் போகும், அங்கிருந்து பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் போடி. தேயிலை மகாராணி மாதிரி போயிற்று. பறித்தவர்கள் அதே மலையில் நடந்தார்கள்.

1924 ஜூலையில் மழை ஆடிய ஆட்டத்துக்கு எதிரில் யாரும் நிற்க முடியவில்லை. கொல்லவருஷம் 1099 என்பதால் இன்றைக்கும் 'தொண்ணூத்தொம்பது வெள்ளம்' என்றே பெயர். ரயில் பாதை போயிற்று, பாலம் போயிற்று, ஊர் போயிற்று. ரோட்டையும் ஃபேக்டரியையும் திரும்பக் கட்டினார்கள். ரயில் மட்டும் வரவே இல்லை. பழைய ஸ்டேஷன் கட்டடம் கம்பெனியின் ஆபீஸாகிவிட்டது. ரயில் வராத ஸ்டேஷனிலும் நேரத்துக்கு வந்துதான் ஆகவேண்டும் என்ற விதி குமாஸ்தாக்களுக்கு உண்டு.

துரைமாருக்கு விளையாட்டுக்குக் குறைவே இல்லை. ஹை ரேஞ்ச் கிளப் இருந்தது. கோல்ஃப், டென்னிஸ், ஆண்களுக்கு மட்டும் ஒரு பார். இந்த மலையில் 30 வருஷம் குப்பை கொட்டிய துரையின் தொப்பியை அந்த பார் சுவரில் மாட்டிவைப்பார்கள். இப்போதும் தொங்குகின்றன. 30 வருஷம் கூடை சுமந்த தலைகளின் முக்காட்டுத் துணியை மாட்டுவதென்றால் ஆனைமுடி வரை சுவர் எழுப்ப வேண்டியிருக்கும். செலவைப் பார்த்து விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

இப்படியாக 1941-க்கு வருகிறோம். உலகம் முழுக்க யுத்தம். இங்கிலாந்தில் எஃப்.ஏ. கோப்பையையே யுத்தம் முடியட்டும் என்று நிறுத்திவைத்திருந்தார்கள். 1942-ல் நடந்திருக்க வேண்டிய உலகக் கோப்பை நடக்கப்போவதில்லை என்று ஆகிவிட்டது. அந்த வேளையில், வெள்ளைக்காரன் வீட்டிலேயே உருளாத பந்தை, அவனுடைய கம்பெனி மூணாறில் உருட்டிவிட்டது. என்ன காரணம்? தொழிலாளர் ஆரோக்கியம், ஒற்றுமை, உற்சாகம் என்று கம்பெனிக் கடிதம் எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். என் சந்தேகம் வேறு. லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் எஸ்டேட் எஸ்டேட்டாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டால் துரையைத் திட்ட நேரம் இருக்காது என்று யாரோ ஒரு கெட்டிக்காரர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கணக்கு பாதிதான் பலித்தது. நாங்கள் இரண்டு பேரையும் திட்ட நேரம் ஒதுக்கினோம்.

அந்தக் காலத்தில் பூட்ஸ் ஏது? வெறுங்கால்தான். ஆறு மணிப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, பனியில் போய் நிற்கிற காலுக்கு மைதானப் புல் மெத்தை. இதில் கேவலம் ஒன்றுமில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் இந்திய அணியிலேயே பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கி பிரான்ஸை அலற விட்டார்கள். இரண்டு பெனால்டியை வீணடித்து 2-1 என்று தோற்றார்கள். பெனால்டியை வீணடிப்பதில் தேசிய அணியின் பாரம்பரியத்தை எங்கள் எஸ்டேட் இன்றுவரை கட்டிக் காத்துவருகிறது.

வெள்ளைக்காரன் கொடி இறங்கிய பிறகு ஆட வந்தது இன்னொரு ஆட்டம்: தமிழ்நாடு எதிர் கேரளம். மைதானம், தேவிகுளமும் பீர்மேடும். இந்தத் தாலுகாக்களில் தமிழ் பேசுகிறவர்களே அதிகம், ஆகவே சென்னையோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நின்றது. 1954-ல் தெற்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்த இடத்தில் கிண்டலுக்கு வேலையில்லை. அப்புறம் மாநில எல்லைகளைப் பிரிக்கும் கமிஷன் என்று நடுவர்கள் வந்தார்கள், மூன்று பேர்: ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர். மூன்றாமவர் மலையாளி. இதைச் சொல்லும்போது எங்கள் பக்கத்துப் பெரிசுகளுக்கு இன்னும் மூக்கு சிவக்கும். 'நடுவரே எதிர் டீமுல சென்டர் ஃபார்வர்டுன்னா எப்புடிடா ஜெயிப்ப?' கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. 1956 நவம்பர் 1-ல் விசில். குளத்தையும் மேட்டையும் பற்றிக் காமராஜர் சொன்னதாக ஒரு வரி டீக்கடைகளில் இன்றும் சுற்றுகிறது. அதைத் திருப்பிச் சொல்லி, நிம்மதியாக டீ குடிக்கிறவர்களிடம் நான் சண்டை இழுக்கப் போவதில்லை.

தோற்றதில் ஒரு லாபமும் உண்டு. கேரளத்துக்குப் போனதால்தான் உலகக் கோப்பை சமயத்தில் எங்கள் லயங்களுக்கு மேல் அர்ஜென்டினாக் கொடியும் பிரேசில் கொடியும் பறக்கின்றன. 2022-ல் கோழிக்கோட்டுப் பக்கம் புள்ளாவூர் ஆற்றுக்கு நடுவில் மெஸ்ஸிக்கு 30 அடி கட்-அவுட் வைத்தார்களே, அந்த வியாதி எங்களுக்கும் தொற்றியது. கட்-அவுட் வைக்கும் கலை மட்டும் எங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்தால் வேறெதற்குக் குறை?

கேரளத்தின் முதல் தேர்தலில், 1957-ல், தேவிகுளத்தில் ஜெயித்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ். எதிராளியின் வேட்புமனுவைத் தள்ளியது தவறு என்று சொல்லி அந்தத் தேர்தலையே செல்லாது என்று ஆக்கினார்கள். 1958-ல் மறு ஆட்டம். அம்மணி மறுபடியும் ஜெயித்தார். அந்தப் பிரச்சாரத்துக்கு மலைக்குக் கீழே பண்ணைப்புரத்திலிருந்து ஆர்மோனியத்தோடு வந்தவர் பாவலர் வரதராசன். அவருடைய தம்பிகளில் ஒருவர் பின்னால் இளையராஜா ஆனார். உலகத்தில் எந்த அணிக்கும் கேலரியில் பாட இப்படி ஒரு குடும்பம் வாய்த்ததில்லை. லிவர்பூல்காரர்கள் தங்கள் பாட்டைப் பற்றி எங்களிடம் பெருமை பேச வேண்டாம்.

கம்பெனியின் கை மாறிக்கொண்டே வந்தது. 1964-ல் டாடா-ஃபின்லே, 1983-ல் டாடா டீ. நடுவே 1971-ல், பூஞ்சாறு விட்ட கோலுக்கு 94 வருஷம் கழித்து, கேரள அரசு நில மீட்புச் சட்டம் போட்டு 'அது கோல் இல்லை' என்றது. மறு வருஷம் உச்ச நீதிமன்றமும் சட்டம் சரிதான் என்றது. தேயிலை நின்ற நிலம் கம்பெனியிடமே இருந்தது. மிச்சம் எங்கே, எவ்வளவு, யார் வேலிக்குள் என்ற எக்ஸ்ட்ரா டைம் இன்னும் ஓடுகிறது. 2005-ல் டாடா டீ தோட்டங்களைக் கைகழுவ, ஊழியர்களும் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக இருக்கும் புதுக் கம்பெனி வந்தது. பார்சலோனா கிளப்புக்கு அதன் உறுப்பினர்கள்தான் சொந்தக்காரர்கள் என்று ஆச்சரியப்படுவார்கள். எங்கள் ஊரில் கோல்கீப்பரும் சொந்தக்காரர், கோல் போடுகிறவரும் சொந்தக்காரர், பந்து பொறுக்கிப் போடும் பையனின் அம்மாவும் சொந்தக்காரர். ஆனாலும் திங்கட்கிழமை காலையில் சொந்தக்காரி கூடையோடு பெரட்டில் நிற்கத்தான் வேண்டும்.

அந்தச் சொந்தக்காரிகள்தான் இந்த மலையின் மிகப் பெரிய ஆட்டத்தை ஆடினார்கள். 2015 செப்டம்பர். போனஸை 10 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள். கேலரியில் உட்கார்ந்து கைதட்டவும், ஆட்டம் முடிந்து வருகிறவனுக்குச் சோறு போடவும்தான் இவர்கள் என்று எல்லோரும் நினைத்திருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த அணிக்குப் பெயர் பெம்பிளை ஒருமை. தலைவர் இல்லை, கொடி இல்லை. ஆறுதல் சொல்ல வந்த யூனியன் தலைவர்களைத்தான் முதலில் விரட்டினார்கள். காலங்காலமாகக் கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்டு பந்தை எதிராளிக்கே தட்டிக்கொடுத்தவர்களை வேறென்ன செய்வது? 9 நாள் ஆட்டம். 20 சதவீதம் கிடைத்தது. மந்திரிகள் ஓடி வந்தார்கள், தில்லி சேனல்கள் வந்தன, கூகுளில் மூணாறைத் தேடியவர்கள் முதல்முறையாகத் தேனிலவு அல்லாத காரணத்துக்காகத் தேடினார்கள். 1941-ல் பிரித்து ஆளப் பந்தை உருட்டிய கெட்டிக்காரர் யாரோ, அவர் கணக்கில் இந்தப் பெண்களைச் சேர்க்கவே இல்லை. எஸ்டேட் பார்க்காமல், டிவிஷன் பார்க்காமல் ஒரே அணியாக வந்து நிற்பார்கள் என்று எந்த முன்னோட்டமும் சொல்லவில்லை.

இனி இந்த வருஷ ஆட்டத்துக்கு வருவோம்.

முதலில், ஆள் விஷயம். பாலக்காடு, மலப்புறம் பக்கம் செவன்ஸ் ஆடுகிறார்கள். அறுவடை முடிந்த வயலில் ஏழேழு பேர், கேலரி மூங்கிலில், ஆட்டக்காரர் ஆப்பிரிக்காவிலிருந்து. அதை வைத்து 2018-ல் 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' என்று சினிமாவே வந்தது. எங்களிடம் அது நடக்காது. கம்பெனியில் வேலை பார்ப்பவர்தான் ஆட வேண்டும். நைஜீரியாக்காரரே ஆனாலும் முதலில் கவாத்துக் கத்தி பிடித்துக் காட்ட வேண்டும். அதனால் ஒரு எஸ்டேட்டில் புதிதாக ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தால், அவன் என்ன படித்திருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. இடது காலா வலது காலா என்றுதான் கேட்கிறார்கள்.

இரண்டாவது, உயரம். 2007-ல் ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டம் கூடாது என்று தடை போட்டது; பொலிவியாக்காரர்கள் கூச்சல் போட்டதில் மறு வருஷம் விலக்கிக்கொண்டது. மூணாறு 1,500 மீட்டர்தான், பயமில்லை. 2,695 மீட்டர் ஆனைமுடியில் ஆட்டம் வைத்தால் மட்டும் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருக்கும். ஆனால் மேல் எஸ்டேட் பையன்களுக்கு ஒரு சலுகை உண்டு. எல்லப்பட்டி, செண்டுவரைக் குளிரில் வளர்ந்தவர்களுக்குப் பழைய மூணாறுக்கு இறங்கி வருவதே சமவெளிக்கு வந்த மாதிரி. இவர்கள் 80-ஆவது நிமிஷத்துக்கு மேல்தான் நிஜமாக ஓட ஆரம்பிப்பார்கள். எதிரணி அதற்குள் மூன்று கோல் போட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, எல்லை தாண்டிய டிரான்ஸ்ஃபர். 1956-க்குப் பிறகு இடுக்கியிலிருந்து தமிழ்நாட்டுக்கு நடந்த உருப்படியான மாற்றம் ஒன்றே ஒன்று: அரிக்கொம்பன். சின்னக்கானல் பக்கத்து ரேஷன் அரிசிக்குப் பேர்போன அந்த யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் அது கம்பம் டவுனுக்குள் நடந்தே வந்தது. ஜூனில் தமிழ்நாடு வனத்துறை பிடித்து முண்டந்துறைக் காட்டுக்கு அனுப்பியது. கமிஷன் இல்லை, போராட்டம் இல்லை, மொழிவாரிக் கணக்கெடுப்பு இல்லை. நேசமணிக்கு முடியாததை நாலு கால் முடித்தது.

மிச்சம் இருப்பது படையப்பா. ரஜினி படத்தின் பெயரைச் சுமந்துகொண்டு மூணாறு ரோட்டில் பஸ்ஸை மறித்து, காய்கறிக் கடையில் கணக்கு வைத்துக்கொள்ளாமல் சாப்பிடும் கொம்பன். அதற்கு எந்த எஸ்டேட்டும் சொந்தமில்லை; எல்லா எஸ்டேட்டுக்கும் போகும். ஃபைனல் அன்று மைதானத்துக்கு வந்தால் என்ன செய்வது என்பதற்கு விதிமுறையில் இடமில்லை. வெளியாள் உள்ளே வந்தால் ஆட்டத்தை நிறுத்து என்று சட்டம் சொல்கிறது. வெளியே போ என்று அதனிடம் சொல்லும் நடுவரை மட்டும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. என் யோசனை, கார்டு எதையும் காட்டாமல், அது தின்று முடிக்கும் வரை இஞ்சுரி டைமில் எழுதிக்கொள்வது.

கடைசியாக, ஜெயிக்கப்போவது யார்? சில எஸ்டேட்டுகளுக்குக் கேடயம் நீலக்குறிஞ்சி மாதிரி, 12 வருஷத்துக்கு ஒருமுறை. 2018-ல் பூத்தது, அடுத்தது 2030 என்று அவர்கள் இப்போதே மாலைக்குச் சொல்லிவைக்கலாம். போன வருஷம் ஜெயித்தவர்கள் இந்த வருஷம் தோற்பார்கள். மிதப்பு கூடிவிட்டது, ஜெர்சிக்கு வேறு புது டிசைன் போட்டிருக்கிறார்கள். கன்னிமலையிடம் ஓட்டம் இருக்கிறது, அடி இல்லை. வாகுவரையிடம் அடி இருக்கிறது, குறி இல்லை. இதெல்லாம் நடுநிலையான மதிப்பீடு. அந்த எஸ்டேட்டுகளில் எனக்குப் பெண் எடுத்த சொந்தமோ கொடுத்த சொந்தமோ கிடையாது.

ஃபைனல் 2-1. எங்களுக்கு. முதல் கோல் கார்னரில் தலையால் விழும். எதிரணி பெனால்டியில் சமன் செய்யும்; அது பெனால்டியே இல்லை என்பதை இப்போதே பதிவு செய்துகொள்கிறேன். இரண்டாவது கோல் 87-ஆவது நிமிஷத்தில், எங்கள் லெஃப்ட் விங் காலிலிருந்து. ஆஃப்சைடு என்று அவர்கள் கத்துவார்கள். கத்தட்டும். லைன்ஸ்மேன் எங்கள் சித்தப்பா ஊர்க்காரர்தான்.